அட்ஜஸ்ட் என்ற சொல் நாறத் தொடங்கிய பிறகு

மில்லுக்காரர் வீட்டு மருமகள் பிரம்மசக்தி ஒரு கட்டைப்பையில் மாற்றுச் சேலைகளைத் திணித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், முத்தாலங்குளம் ஊரின் வடக்குக் கோடியில் இருக்கிற அரிசி மில்லிலிருந்து தெற்குக் கோடியில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்கு டவுன் பஸ் ஏறிய ஆடி மாதத்துக் காலையில்தான், கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி, "உள்ள ஏறிப் போங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று தினமும் சொல்கிற அதே சொல்லைச் சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள், மழையில் நனைந்து மூலையில் மக்கிக் கிடந்த சாக்கை யாரோ உதறினதுபோல ஒரு நாற்றம் பஸ்ஸுக்குள் எழும்பியது.

எல்லோரும் முதலில் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். பிறகு அடுத்தவர் செருப்பைப் பார்த்தார்கள். பிறகு, அதற்காகவே காத்திருந்ததுபோல, பின்படிக்கட்டில் கூடையோடு நின்ற மீன்காரி சந்தனமாரியைப் பார்த்தார்கள். "என் மீனு இப்பதான் கரைக்கு வந்துருக்கு, மோந்து பாருங்க, செவுளு எப்படி செவசெவன்னு இருக்குன்னு பாருங்க" என்று அவள் கூடையைத் திறந்து காட்டியும் யாரும் கேட்கவில்லை, பெட்ரோல் பங்க் பக்கத்தில் அவளை இறக்கிவிட்டார்கள், அவள் ரோட்டில் நின்று பஸ்ஸின் மொத்தப் பரம்பரையையும் ஏசினாள். நாற்றம் இறங்கவில்லை. நெருக்கியடித்து நின்றவர்களின் சட்டையிலும் சேலையிலும் அது உட்கார்ந்துகொண்டது. சொன்ன கண்டக்டரின் காக்கிச் சட்டையில் மட்டும் கஞ்சி போட்ட வாசனை அப்படியே இருந்தது.

பிரம்மசக்தி அந்த நாற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைவிடப் பெரிய அருவருப்பு ஒன்று அவள் தோலுக்கு மேலேயே இருந்தது. அவள் புருஷன் நயினார் கல்யாணமான மூன்றாம் மாசம் மஸ்கட் போனவன். மாமனார் தளவாய், வெள்ளைச் சட்டையும் பட்டையாய் விபூதியுமாக ஊர்க் கோயில் கொடைக்கு முதல் மரியாதை வாங்குகிறவர், எந்தப் பெண்ணையும் 'தாயி' என்றல்லாமல் கூப்பிடாதவர். அந்தத் தாயி காப்பி டம்ளரை நீட்டும்போது அவர் கை டம்ளரை வாங்காமல் வேறெங்கோ போகும். குளிக்கும்போது தாழ்ப்பாள் வெளியிலிருந்து ஆடும். முந்தின நாள் அது ஆடியதோடு நிற்காமல் திறந்தே விட்டது. மாமியார் செல்லவடிவிடம் போய்ச் சொன்னபோது அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, முகத்தைத் தூக்காமல், "வயசானவரு. வெளிய தெரிஞ்சா அசிங்கம் நமக்குத்தான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றாள். அன்றைக்கு அந்தச் சொல் நாறத் தொடங்கியிருக்கவில்லை. கீரை வாசம்தான் இருந்தது.

"என்னட்டி, சொல்லாம கொள்ளாம?" என்று அம்மா பூவம்மாள் கேட்டதும், பிரம்மசக்தி அடுக்களைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சுவரிடம் சொல்வது கொஞ்சம் லேசாக இருந்தது. பூவம்மாள் தோசை மாவுக் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள், கல்லில் தோசை கருகியது. அண்ணன் பாலவேசம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் மில் லாரிக்கு டிரைவர். பிய்த்த தோசைத் துண்டைச் சட்னியில் வெகுநேரம் புரட்டினான்.

"நயினார் மாப்பிள தைக்கு வந்துருவாரு" என்றான் கடைசியில். "ஒம் மாமனாரு லாரிய புடுங்கிட்டாருன்னா நாம எங்க போவோம், சொல்லு. அதுவரைக்கும் நீதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடணும்."

கிணற்றுக்குள் விழுந்து செத்த பெருச்சாளி ஊறி உப்பி வெடித்ததுபோல ஒரு நாற்றம் அவன் வாயிலிருந்து புறப்பட்டு, தட்டைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி, நேராக வந்து பிரம்மசக்தியின் கூந்தலுக்குள் இறங்கியது. பாலவேசம் தட்டை விட்டு எழுந்து வாசலுக்கு ஓடினான். பூவம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். முந்தானைக்குள்ளிருந்தே அழுதாள், அழுதுகொண்டே, "அண்ணன் சொல்லுததையும் பாரு, கொஞ்சம் அட்..." என்று தொடங்கி முடித்தும்விட்டாள், இரண்டாவது பெருச்சாளியும் வந்து முதலாவதன்மேல் படுத்தது.

அதற்குப் பிறகு முத்தாலங்குளத்துக்காரர்கள் மூக்காலேயே அந்தச் சொல்லைப் படித்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக அது ஒரே சொல் என்று நினைத்திருந்தவர்கள், அதற்குள்ளே எத்தனை அறைகள் இருக்கின்றன, எந்த அறையில் எது அழுகிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டார்கள். டீக்கடையில் பாலில் தண்ணீர் கூடிப்போன அன்றைக்குச் சொல்கிற அட்ஜஸ்டில் மேஜை துடைக்கிற துணியின் புளிப்பு அடித்தது. ரேஷன் கடையில் சொல்கிற அட்ஜஸ்டில் எலிப்புழுக்கை. பிளவுஸைச் சின்னதாகத் தைத்துவிட்டு டெய்லர் சொல்கிறதில் பழைய அக்குள் வியர்வை. தாலுகா ஆபீஸில் ஃபைலை மூடி வைத்துக்கொண்டு, சிரித்தபடி, "நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுனா" என்று இழுக்கிறபோது அழுகிய முட்டை. ஜவுளிக்கடை மேனேஜர் புதிதாக வேலைக்கு வந்த பெண்ணைக் குடோன் பக்கம் கூப்பிட்டுச் சொன்ன அட்ஜஸ்டுக்கு, மூன்று தளத்திலும் இருந்த பட்டுச்சேலைகளை மொட்டைமாடியில் காயப்போட வேண்டியிருந்தது.

சைக்கிள் கடைக்காரர் பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணுகிறேன் என்றபோது மட்டும் எதுவும் நாறவில்லை, கிரீஸ் வாசனைதான் வந்தது. அவரிடமே ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லச்சொல்லி மோந்து பார்த்தார்கள். எப்போதாவது, யாராவது ஒருத்தர் தானாக எழுந்து, "நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுதேன், நீங்க உக்காருங்க" என்று தன்னைப் பற்றிச் சொன்னால், அந்த இடத்தில் வேப்பம்பூ மாதிரி லேசாக ஏதோ மணந்தது. ஆனால் அப்படிச் சொல்கிற ஆட்கள் குறைவு, மணந்ததா இல்லையா என்று சண்டை வருகிற அளவுக்குக் குறைவு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் புலவர் திருவேங்கடநாதன் மாரியம்மன் கோயில் மைதானத்தில் கூட்டம் போட்டார். "வேற்றுமொழிச் சொல்லை வாயில் வைத்துக் குதப்பினால் நாறாமல் என்ன செய்யும்? அனுசரித்துப் போ என்று நம் மொழியில் சொல்லுங்கள். பொறுத்துப் போ என்று சொல்லுங்கள். விட்டுக்கொடு என்று சொல்லுங்கள்" என்றார். கைதட்டினார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை, பிறகு அந்தச் சொற்களும் நாற ஆரம்பித்தன. அது புது நாற்றமாக இல்லை, மூடியே கிடந்த நெல் பத்தாயத்தின் அடியில் தலைமுறை தலைமுறையாகப் புழுத்துக் காய்ந்து மறுபடி புழுத்ததன் நாற்றமாக இருந்தது. புலவர் வீட்டு அம்மாள் அதற்குப் பிறகு அவரைக் கூட்டத்துக்குப் போகவிடவில்லை.

இதில் ஒரு வசதி இருந்ததை ஊர் சீக்கிரமே கண்டுபிடித்தது. நாற்றம் சொன்னவர் மேல் ஒட்டுவதில்லை, யாரிடம் சொல்லப்பட்டதோ அவர் மேல்தான் ஒட்டுகிறது. ஆகையால் நாறுகிறவர்களைத்தான் ஊர் அருவருத்தது. துப்புரவு வேலைக்கு வருகிற பெண்கள் நாறினார்கள், ஜவுளிக்கடைப் பெண்கள் நாறினார்கள், இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டவர்கள் நாறினார்கள். சீயக்காயும் அரப்பும் சந்தனமும் எதுவும் கேட்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள், பலகாரத்தைத் தொடுமுன் பெண்ணைக் கிட்டே கூப்பிட்டு உச்சந்தலையை மோந்து பார்த்தார்கள். "பிள்ளைக்கு வாடை இருக்கே, எங்கயோ ரொம்ப அட்ஜஸ்ட் பண்ணியிருக்கும் போலிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், சொல்லிவிட்டுப் போன சொல்லிலிருந்தும் பெண்மேல் கொஞ்சம் ஒட்டியது.

ஊரில் எல்லோரையும்விடக் கனமாக நாறியது பிரம்மசக்திதான். அவள் தெருவில் நடந்தால் மாடுகள் அசைபோடுவதை நிறுத்தின. ஈக்கள்கூட அவளை விட்டுவிட்டுப் போயின. அதுதான் அவளுக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. நயினார் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான்.

"எங்கப்பா அப்படிப்பட்டவரு இல்ல" என்றான்.

"நான் பொய் சொல்லுதேனா?"

"பொய்யின்னு சொன்னேனா?" என்றான். அப்புறம் அங்கே லாரிகள் போகிற சத்தம் கேட்டது. "சரி, அப்படியே இருந்தாலும் நான் இங்க இருந்துக்கிட்டு என்ன செய்ய முடியும்? நான் வாரதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

கடல் தாண்டி வருகிற சொல் வழியில் கொஞ்சமாவது ஆறியிருக்கும் என்று யாராவது நினைத்திருந்தால் அது தப்பு. போனில் பேச்சு வருகிற பொடி ஓட்டைகள் வழியே, சீழ் பிதுங்குகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக நாற்றம் வந்தது. அவள் காதில் வழிந்து கழுத்தில் இறங்கியது. அவள் போனைத் தண்ணீர் வாளிக்குள் போட்டாள்.

ஆவணி பிறந்ததும் பாலவேசம் அவளை லாரியிலேயே ஏற்றிக்கொண்டுபோய் மில் வீட்டில் விட்டான். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி வண்டி ஓட்டினான். "சக்தி, அண்ணன் மேல கோவப்படாத" என்றான் ஒருதடவை. செல்லவடிவு வாசலிலேயே மறித்து, வீட்டுக்குள் விடாமல், மில்லுக்குப் பின்னால் தவிட்டு மூட்டைகள் அடுக்குகிற அறையைக் காட்டினாள். வீட்டுக்குள் நாற்றம் பரவாமல் இருக்க அதுதான் ஏற்பாடு. சோறு வாசலில் வைக்கப்பட்டது.

அந்த அறையில்தான், தவிட்டு வாசத்துக்கும் தன் நாற்றத்துக்கும் நடுவில், பிரம்மசக்தி கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினாள். முதல் வாரத்தில் தளவாய் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் மூட்டைகளுக்கு இந்தப் பக்கமே நின்று, குமட்டி, வேட்டியை வாயில் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். அவர் ஓடுகிற சத்தத்தை அவள் மூட்டைமேல் சாய்ந்தபடி கேட்டாள். கிணற்றுப் பெருச்சாளிகள் அவளுக்குக் காவல் இருந்தன. தாழ்ப்பாள் ஆடவில்லை. தன் உடம்பு நாறுவதை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது, அதே நாற்றத்தை ஒரு போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொள்ளவும் தோன்றியது, இப்படித் தோன்றுகிறதே என்பதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

ஊர் இதற்கிடையில் பழகிக்கொண்டது. ஆரம்பத்தில் கர்ச்சீப் கட்டினார்கள், கற்பூரம் முடிந்துகொண்டார்கள், மூக்கில் தைலம் தடவிக்கொண்டார்கள், டவுன் பஸ்ஸில் நாறுகிறவர்களுக்கென்று பின்சீட்டை ஒதுக்கினார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக விட்டார்கள். சாக்கடைப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்குச் சாக்கடை தெரியாத மாதிரி அவர்களுக்கு அது தெரியாமல் போனது. வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் வாந்தி எடுத்தார்கள், ஊர்க்காரர்கள் அவர்களுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, "ரெண்டு நாள் இருந்தா சரியாயிரும்" என்றார்கள். சரியாகவும் போனது. கண்டக்டர் மறுபடி படிக்கட்டில் தொங்கிக்கொண்டு தாராளமாகச் சொன்னார். மேனேஜர் குடோன் பக்கம் போனார். நாறிக்கொண்டே ஊர் நன்றாக நடந்தது.

ஐப்பசியில், வெயில் ஏறிய ஒரு மத்தியானம், களத்தில் அவித்த நெல்லைக் காயப்போட்டுப் பெண்கள் பலகையால் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில், தவிட்டு அறை வாசலில் நிழல் விழுந்தது. தளவாய் நின்றார். மூக்கில் துணி இல்லை. கையில் கற்பூரம் இல்லை. மூட்டைகளைத் தாண்டி உள்ளே வந்தார். பிரம்மசக்தி அவர் குமட்டுவதற்காகக் காத்திருந்தாள். அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார், மெல்ல விட்டார், சிரித்தார்.

"பழகிப் போச்சு தாயி" என்றார்.

ஒரு புழு காலில் ஏறுகிறபோது உடம்பு தானாக உதறுமே, அப்படி அவள் உடம்பு உதறியது. அவர் நீட்டின கைக்குக் கீழே குனிந்து, அவரை மூட்டைமேல் தள்ளிவிட்டு, வெளியே ஓடினாள். களத்தின் சூட்டில், காய்கிற நெல்லுக்கு நடுவில் போய் நின்றாள். சுற்றிலும் பலகை பிடித்த பெண்கள், மூட்டை ஏற்றுகிற ஆட்கள், நெல் விளைவித்துக் கொண்டுவந்த சம்சாரிகள், லாரியின் கேபினில் அண்ணன். அவள் இந்தத் தடவை சுவரைத் தேடவில்லை.

"எல்லாரும் கேளுங்க" என்றாள். "எம் மாமனாரு என் மாரப் புடிச்சாரு. நான் குளிக்கும்போது கதவத் தொறந்து உள்ள வந்தாரு. இப்பவும் அதுக்குத்தான் வந்தாரு. அத்தைகிட்ட சொன்னேன், அண்ணங்கிட்ட சொன்னேன், பெத்தவகிட்ட சொன்னேன், புருசங்கிட்ட சொன்னேன். எல்லாரும் ஒரே வார்த்தையச் சொன்னாவ. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு. அவரு கைய வப்பாரு, நீ சத்தம் காட்டாம நில்லு. இதான் அர்த்தம். இதையே இப்படியே சொல்லியிருந்தா நாறியிருக்காது. சொல்ல வாய் கூசியிருக்கும்."

அவள் பேசியதில் எந்த நாற்றமும் வரவில்லை. பேசப் பேச அவள் கூந்தலிலிருந்தும் கழுத்திலிருந்தும் அது கழன்றுகொண்டிருந்தது, அவித்த நெல்லின் வாசம் களத்தில் பழையபடி எழுந்தது. அப்போதுதான் ஊர் மூக்கைப் பொத்தியது. பெருச்சாளி நாற்றத்தில் மாசக்கணக்காக டீ குடித்து, பலகாரம் தின்று, பிள்ளைகளுக்குப் பேர் வைத்த ஆட்கள், இப்போது துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, "சீ, பொம்பள பேசுத பேச்சா இது" என்றார்கள். "இதெல்லாம் வெளிய சொல்லுவாங்களா, கருமம்" என்று ஒரு சம்சாரி காறித் துப்பினார். தவிட்டைத் தட்டிவிட்டபடி வெளியே வந்த தளவாய், கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத் தைரியமாகி, "புத்தி பேதலிச்சுப் போச்சு பிள்ளைக்கு. வாடை மூளைக்கு ஏறிருச்சு" என்றார் வருத்தமாக.

நெல் துழாவிக்கொண்டிருந்த முப்பிடாதி பலகையைக் கீழே போட்டாள். களத்தில் அவள் வேலைக்கு வந்து வெகுகாலம் ஆகிறது, தலை பாதி நரைத்துவிட்டது.

"என்னையும்" என்றாள். "இந்தத் தவிட்டு ரூமுலதான்."

துண்டுகள் மூக்கிலேயே இருந்தன. சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து செல்லவடிவு ஓடிவந்தாள், கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. அவள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அடங்கிவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எந்த வார்த்தை என்றும் தெரிந்திருந்தது. அவள் மருமகளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். "கொஞ்சம் அட்..." என்றவளுக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது, கண் பிதுங்கியது, களத்து ஓரத்தில் குந்தி உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அன்றைக்குத் தின்றது முதலில் வந்தது. பிறகு கறுப்பாக, நூல் நூலாக, எண்ணெய்க் கசடு மாதிரி வந்தது. அதிலிருந்து எழுந்த நாற்றத்துக்கு, எல்லாம் பழகிவிட்ட அந்த ஊரின் மூக்கே தாங்கவில்லை. சம்சாரிகள் மாட்டை விட்டுவிட்டு ஓடினார்கள், மூட்டை ஏற்றுகிறவர்கள் சுவர் ஏறிக் குதித்தார்கள். தளவாய் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், உள்ளே அவர் குமட்டுகிற சத்தம் களம் வரைக்கும் கேட்டது.

பிரம்மசக்தி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அந்த அம்மாள் மேல் அவளுக்கு இரக்கம் வரவில்லை. ஆனாலும் வாந்தி எடுக்கிறவர்களின் தலையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டுமே, அதனால் போய், பின்னால் நின்று, மாமியாரின் நெற்றியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நெற்றி வியர்த்துச் சில்லென்று இருந்தது.

"இவரோட அப்பன்" என்றாள் செல்லவடிவு, மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல. எங்கம்மாட்ட போயிச் சொன்னேன். அவளும் எங்கிட்ட இதையேதான்..." மறுபடி குனிந்தாள்.

பாலவேசம் லாரியிலிருந்து இறங்கி வந்தான். மூக்கை மூடவில்லை. தங்கச்சியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "சக்தி, ஏறு. மகளிர் ஸ்டேஷனுக்குப் போவோம். லாரிய அவரு அப்புறமா வாங்கிக்கிடட்டும்" என்றான். முப்பிடாதி ஏற்கனவே கேபின் படியில் கால் வைத்திருந்தாள்.

பிரம்மசக்தி மாமியாரின் வாயை அவள் முந்தானையாலேயே துடைத்தாள்.

"முடிஞ்சிருச்சா அத்தை?"

செல்லவடிவு இல்லையென்று தலையாட்டினாள். "இன்னும் இருக்கு."

"எந்திரிங்க" என்று அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள் பிரம்மசக்தி. "மிச்சத்த அங்க வந்து கக்குங்க."